வீட்டை இழுக்கும் வண்டி



செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் தொடங்கி ஏரியில் நீர் நிறைந்ததும் கூழைக்கடாவும், நத்தைகுத்தி நாரையும், அரிவாள்மூக்கனும், நீர்க்காகமும் அங்கே வந்து, நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பறவைகளின் நடமாட்டத்தை நன்கு கவனிக்க வேண்டுமானால் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் அங்கே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பயணம் செய்து வருகிறவர்களுக்கு இவ்விரண்டு வேளைகளுமே வாய்ப்பது அரிது.

இந்தக் குறையைப் போக்கிக்கொள்ள, பறவை நோக்கும் மாணவர் குழு ஒன்று சென்ற ஆண்டு என்னிடம் ஒரு யோசனையோடு வந்தது. ஐந்து பேர் படுக்கவும், சிறிது சமைக்கவும், நூல்களையும் தொலைநோக்கிகளையும் வைத்துக்கொள்ளவும் வசதியுள்ள ஒரு வீட்டு டிரெய்லரைச் செய்துகொள்வது; அதை ஒரு பிக்கப் டிரக்கின் பின்னால் கட்டி வேடந்தாங்கலுக்கும், அங்கிருந்து மாமல்லபுரக் கடற்கரைக்கும், கோடை விடுமுறையில் நீலகிரிக்கும் கொண்டுபோவது. பறவைகளுக்கு இடையூறு இல்லாதிருக்கப் பெட்ரோல் எஞ்சின்தான் வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். "எத்தனை குதிரைத்திறன் உள்ள எஞ்சினாகப் பார்க்க வேண்டும், ஐயா?" என்று கேட்டார்கள். இயந்திரவியல் கற்பிக்கும் என்னைப் போன்றவர்களிடம் இத்தகைய விஷயத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதை விளக்கவே இந்தப் பேச்சு.

வீட்டு டிரெய்லர் என்பது தனக்கென எஞ்சின் இல்லாத வீடு. வண்டிக்குள்ளேயே வீட்டைக் கட்டிக்கொள்ளும் மோட்டார் கேரவன் வேறு. 2021-ஆம் ஆண்டு கேரள அரசு தொடங்கிய கேரவன் சுற்றுலாவில் ஓடுகின்றவை அந்த இனம். இழுத்துச் செல்லும் வீடு அமெரிக்காவில் பெருவழக்கு. 1931-இல் வாலி பயம் என்பவர் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் என்னும் நிறுவனத்தின் பளபளக்கும் அலுமினிய வீடுகள், 1963-இல் சிங்கப்பூரில் புறப்பட்டு, நம் நாட்டின் வழியாகவும் ஊர்வலமாக ஐரோப்பா வரை சென்றதுண்டு. அந்த நாட்டார் 'கேஸ் எஞ்சின்' என்று சொல்லக் கேட்டால் நம் சமையலறை வாயுவை நினைத்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோலைத்தான் அவர்கள் அப்படிக் குறிப்பிடுகிறார்கள்.

இப்போது குதிரைத்திறனுக்கு வருவோம். பெருந்தெற்குச் சாலையில் படாளம் கூட்டுரோட்டில் திரும்பித்தான் வேடந்தாங்கலுக்குச் செல்ல வேண்டும். படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரைவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களை அந்தப் பக்கத்தில் காணலாம். ஒரு டிராக்டரின் எஞ்சின் 45 அல்லது 50 குதிரைத்திறன் உடையது. சாதாரணக் கார் ஒன்றின் எஞ்சினில் அதைப்போல இருமடங்கு திறன் உண்டு. ஆயினும் டன் கணக்கான கரும்பை இழுப்பது டிராக்டரே; அந்தக் காரை அந்தச் சுமையில் பூட்டினால் கிளட்சு புகையும். காரணம் யாது? திறன் என்பது இழுவிசையையும் வேகத்தையும் பெருக்கி வரும் தொகை. டிராக்டர் வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவிசையை வாங்கிக்கொள்கிறது. கார் இழுவிசையை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்து வைப்பது கியர் பெட்டி. ஆதலால் குதிரைத்திறனை மட்டும் கேட்டு வண்டியின் இழுக்கும் வலிமையை முடிவு செய்ய இயலாது.

மாணவர்களின் வீட்டையே எடுத்துக் கணக்குப் போடுவோம். பிக்கப்பின் எடை 2,000 கிலோ. ஐந்து மாணவர்கள் ஏறத்தாழ 325 கிலோ. சாமான்களோடு கூடிய டிரெய்லர் 1,200 கிலோ. மொத்தம் 3,500 கிலோ என்று வைத்துக்கொள்க. நல்ல தார்ச்சாலையில், சமதரையில், இத்தனை எடையை உருட்ட வேண்டிய விசை ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமம். ஒரு சிறுவனின் எடைதான்! 12 அடி சென்றால் 1 அடி உயரும் மலைச்சாலையில் இதனோடு இன்னும் 290 கிலோ கூடும். காற்றின் தடை வேறு. டிரெய்லரின் முகப்பு ஒரு சுவர் போன்றது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 70 கிலோ அளவுக்கு எதிர்க்கிறது. 80 கிலோமீட்டரில் 120. 100 கிலோமீட்டரில் 190. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது என்று நீங்கள் பாடத்தில் படித்தது இதுவே.

இவற்றைத் திறனாக மாற்றினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சமதரையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, சக்கரங்களில் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தேவை. அந்த மலைச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு 55 போதும். கியர்களில் வீணாவதையும் சேர்த்தாலும் எஞ்சினுக்கு 70-ஐத் தாண்டாது. சாலையில் முந்துவதற்கும் குளிர்சாதனத்திற்கும் இன்னும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும், அவ்வளவே. ஃபோர்டு எஃப்-150 என்னும் அமெரிக்கப் பிக்கப்பின் 5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் 400 குதிரைத்திறன் இருப்பதைப் படித்து, அதை இறக்குமதி செய்ய இயலுமா என்றுகூட அம்மாணவர்கள் கேட்டார்கள். சென்னையை அடுத்த மறைமலைநகரில் 2022 வரை ஃபோர்டு நிறுவனம் கார்களைச் செய்து வந்தது உண்மையே. ஆனால் இந்தப் பெரிய டிரக்கு அங்கே செய்யப்பட்டதில்லை. ஸ்டியரிங் இடப்பக்கத்தில் அமைந்த, நம் கிராமச் சாலைகளை அடைத்துக்கொள்ளும் அத்தனை பெரிய வண்டி, 1,200 கிலோ வீட்டுக்கு வேண்டியதே இல்லை.

எஞ்சினில் நாம் கவனிக்க வேண்டியது முறுக்குவிசை. அதிலும் அது எந்தச் சுழற்சி வேகத்தில் கிடைக்கிறது என்பது. டொயோட்டா ஹைலக்ஸ் என்னும் ஒரே பிக்கப்பில் இதைக் காட்டலாம். வளைகுடா நாடுகளில் விற்கப்பட்ட 2.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 166 குதிரைத்திறன் உடையது. அதன் முறுக்குவிசை 245 நியூட்டன் மீட்டர். நிமிடத்திற்கு 4,000 சுழற்சிகளில்தான் அது முழுமையாகக் கிட்டும். 2022-இல் இந்தியாவுக்கு வந்த 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் 204 குதிரைத்திறன் உடையது. தானியங்கிக் கியர் உள்ள வண்டியில் அதன் முறுக்குவிசை 500. அதுவும் 1,600 சுழற்சியிலேயே கிட்டிவிடுகிறது. திறனில் வேறுபாடு கால் பங்குக்கும் குறைவு, முறுக்குவிசையிலோ இருமடங்கு. பெட்ரோல் வண்டி அந்த மலையில் ஏறாது என்பதில்லை. ஏறும், ஆனால் தாழ்ந்த கியரில், எஞ்சின் உரக்க அலறிக்கொண்டு, பெட்ரோலை மளமளவென்று குடித்துக்கொண்டு ஏறும். உயரம் செல்லச் செல்லக் காற்று இலேசாகிறதல்லவா? டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் அந்த 166 குதிரைகளில் 130 குதிரைகளே மிஞ்சும்.

அப்படியாயின் பெட்ரோலை விரும்பிய மாணவர்கள் தவறினார்களா? இல்லை. அவர்களுடைய பக்கத்திலும் நியாயம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுட்ட சிப்பாய்களின்மீது மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்ற ஊர் வேடந்தாங்கல். 2022-இல் அது ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த ஊருக்குள் காலை ஐந்து மணிக்குக் கடகடவென்று நுழைவது முறையன்று. பெட்ரோல் எஞ்சின் மெல்லப் பேசும். விலையும் குறைவு. இன்னொன்று: 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை மாசு விதிகளின்படி டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத் தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ள, வண்டி அவ்வப்போது நெடுந்தொலைவு சூடேறி ஓட வேண்டும். வாரக்கணக்கில் நின்றுவிட்டுப் பிறகு அருகிலுள்ள கடைக்குப் போய்வருகிற வண்டியில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கல்லூரிக் குழுவின் வண்டி பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும்.

ஆனால் சந்தையில் நாம் விரும்புவது கிடைக்க வேண்டுமே! இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ள ஹைலக்ஸும் இசுசு வி-கிராஸும் டீசல் வண்டிகளே. பெட்ரோலில் கிடைக்கும் பிக்கப்புகள், காய்கறியும் தண்ணீர்க் கேனும் ஏற்றும் சிறிய சரக்கு வண்டிகள். அவை வீட்டை இழுக்கப் பிறந்தவை அல்ல. ஆகவே பெட்ரோல்தான் என்று உறுதியாக இருப்பவர், பிக்கப்பை விட்டு, டர்போ பெட்ரோல் எஞ்சின் பூட்டிய ஸ்கார்பியோ-என் போன்ற ஜீப் வகையைப் பார்க்கலாம். அதன் 2 லிட்டர் எஞ்சின் 370 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் தருகிறது. எந்த வண்டியானாலும் கையேட்டைப் புரட்டி, இழுக்கத்தக்க எடை எவ்வளவு என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதாவிட்டால் அவரிடமே எழுத்து மூலம் கேளுங்கள். "எல்லாம் இழுக்கும் சார், ஒன்றும் ஆகாது" என்று விற்பனையாளர் வாயால் சொல்வது கணக்கில் சேராது.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு போதும். இனிச் சொல்லப் போவதுதான் உயிரைக் காப்பது.

மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களிடம் கேட்டால் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்களைச் சொல்வார்கள். வண்டியில் ஆட்கள் முன்னால் நெருங்கி உட்கார்ந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். எல்லாரும் பின்னால் போய்விட்டால் நுகத்தடி மேலே எழும்பி, மாட்டின் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். "கொஞ்சம் முன்னே நகர்ந்து உட்காருங்கள்" என்று வண்டிக்காரர் சொல்வது மரியாதைக் குறைவால் அன்று. அச்சுக்கு முன்னும் பின்னும் உள்ள பாரத்தை அவர் நிறுத்துப் பார்க்கிறார். தராசு இல்லாமலே, வண்டி நகரும் விதத்திலிருந்தே அவருக்கு அது தெரிந்துவிடும். சற்றே முன்பாரம் இருப்பதுதான் நல்லது என்பது அவர் அனுபவம்.

வீட்டு டிரெய்லருக்கும் இதே விதிதான். நுகத்தடியின் இடத்தில் இங்கே கொக்கி இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாகக் கொள்கிறார்கள். அங்கே டிரெய்லரோடு செல்லும் வேகத்துக்கு வரம்பும் குறைவு. நம்முடைய 1,200 கிலோ வீட்டுக்கு 120 முதல் 180 கிலோ வரை முன்பாரம் வேண்டும் என்று கொள்வோம். அது குறைந்தால் என்ன நேரும்? கணக்கைப் பாருங்கள். தண்ணீர் நிரப்பாதபோது டிரெய்லர் 1,100 கிலோ. கொக்கியின்மேல் 130 கிலோ. நன்று. தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் 1.6 மீட்டர் தள்ளி இருக்கிறது. அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே 4 மீட்டர். புறப்படும்போது 100 லிட்டர் தண்ணீரை நிரப்புகிறார்கள். நெம்புகோல் விதிப்படி கொக்கியின் பாரம் 40 கிலோ குறைந்து 90 ஆகிறது. மொத்த எடையோ 1,200 ஆகிவிட்டது. நூற்றுக்குப் பன்னிரண்டாக இருந்தது ஏழரையாக இறங்கிவிட்டது. கண்ணுக்கு ஒரு மாறுதலும் தெரியாது. பெருந்தெற்குச் சாலையில் ஒரு பேருந்து விரைந்து முந்திச் செல்லும்போது அதன் காற்று டிரெய்லரின் வாலை ஒருபுறம் தள்ளும். அது திரும்பி மறுபுறம் ஆடும். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேலே ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். இறுதியில் வால் தலையை ஆட்டும்.

அந்த நேரத்தில் ஓட்டுபவர் செய்யத் தோன்றுவது வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது. அது கூடாது. முன்னே செல்லும் வண்டி தணிய, பின்னால் உள்ள 1,200 கிலோ அதைப் பக்கவாட்டில் தள்ளி மடக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருந்தால் அதை மட்டும் இயக்கி, வேகம் தானே தணிய விட வேண்டும். இழுக்கும் வண்டியில் 400 குதிரைத்திறன் இருந்தாலும் இங்கே அவற்றில் ஒரு குதிரையும் உதவிக்கு வராது. மாறாக, தண்ணீர்த் தொட்டியை அச்சின்மேல் மாற்றி வைத்திருந்தால் இந்த நிலையே வந்திராது.

முன்பாரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொக்கியில் அமரும் 150 கிலோ, பிக்கப் சுமக்கும் சுமையாகவே கணக்கிடப்பட வேண்டும். வண்டி 500 கிலோ சுமக்கலாம் என்று கையேடு சொன்னால், ஐந்து மாணவர்களுக்கு 325, கொக்கிக்கு 150, பைகளுக்கும் தொலைநோக்கிகளுக்கும் 50, ஆகமொத்தம் 525. வரம்பு கடந்துவிட்டது! 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட வண்டி, அதில் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள வீட்டிலேயே தன் அளவைத் தாண்டிவிடுகிறது. அதன் பின் அச்சு தாழ்ந்து, முன் சக்கரங்கள் தரையை இலேசாகத் தொடும். திருப்பினால் வண்டி தயங்கித் திரும்பும். வாடகை வண்டிக்காரர்கள் இதை 'ஸ்டியரிங் மிதக்கிறது' என்பார்கள். அழகான சொல்.

எனவேதான், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'வீடு என்ன எடை?' என்பது. சாமான்களை ஏற்றி, தண்ணீரை நிரப்பி, லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். பட்டறைக்காரர் சொல்லும் எடை, மெத்தையும் கேஸ் சிலிண்டரும் ஏறுவதற்கு முன்பு உள்ள எடை. டிரெய்லரைக் கழற்றிக் கொக்கிச் சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தினால் முன்பாரமும் தெரிந்துவிடும். பம்பரில் பற்ற வைத்த கொக்கியை நம்ப வேண்டாம். அது வண்டியின் சட்டத்தோடு போல்ட்டு போட்டுப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது நீலகிரிக்கு வருவோம். ஏற்றத்தை எஞ்சின் பார்த்துக்கொள்ளும் என்று கண்டோம். அதற்கு எதிரி வெப்பம். அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கத்தார் இழுவைச் சோதனைக்கென ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்: அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணையை அடுத்து, பாலைவனத்தில் 18 கிலோமீட்டர் நீளும் ஏற்றம். குறைந்தது 38 பாகை செல்சியஸ் வெயிலில், குளிர்சாதனம் முழுவதும் ஓட, வண்டி கொதிக்காமல் ஏற வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் செங்கற்பட்டுச் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் நமக்கு அந்த வெயில் புதிதன்று. ரேடியேட்டரும் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியும் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்பதை, குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இறக்கம் இதைவிடக் கடுமை. 3,500 கிலோ எடை 100 மீட்டர் இறங்கும்போது விடும் ஆற்றல், 11 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,900 மீட்டர் தாழ்வு. கணக்குப் போட்டால், 200 லிட்டர் பீப்பாய் ஒன்று நிறையத் தண்ணீர் கொதிக்கும். இத்தனை வெப்பத்தையும் நான்கு சக்கரங்களின் பிரேக் தகடுகளில் இறக்கினால் அவை பிடிப்பை இழந்துவிடும். ஆகவே ஏறுவதற்குத் தேவைப்பட்ட அதே தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். எஞ்சினே தடையாக நிற்கும். இதில் பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு சிறப்பு உண்டு. காற்று வாயிலை மூடிவிட்டு உள்ளே வெற்றிடத்தை எதிர்த்துச் சுழல்வதால், தனித் தடை பொருத்தாத டீசலைவிட அது நன்றாக இழுத்துப் பிடிக்கும். டிரெய்லருக்குச் சொந்தமான பிரேக்கு இல்லாமல் 1,200 கிலோவை மலைக்குக் கொண்டுபோவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மாணவர்கள் தங்கள் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். இரும்புச் சட்டத்துக்குப் பதில் அலுமினியம், ஐந்து படுக்கைகளுக்குப் பதில் மூன்று, மற்ற இருவருக்குக் கூடாரம், தண்ணீர்த் தொட்டி 40 லிட்டர், அதுவும் அச்சின்மேல். வீடு 800 கிலோவுக்கு இறங்கியது. அந்த எடைக்கு டர்போ பெட்ரோல் வண்டி போதும். பிக்கப்பே தேவையில்லை என்றேன். பிக்கப்பின் திறந்த பின்தொட்டியில் சேறு படிந்த காலணிகளைப் போட வசதியாக இருக்கும் என்று ஒருவர் வாதித்தார். அந்த வாதத்துக்கு இயந்திரவியலில் விடை இல்லை.

மாமல்லபுரத்துக் கடற்கரையைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். தார்ச்சாலையில் 50 கிலோ விசையில் உருண்ட அதே எடைக்கு, இளகிய மணலில் 400, 500 கிலோ தேவைப்படும். அதாவது மலை ஏறுவதைவிட அதிகம். நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் டிரெய்லரின் சக்கரங்கள் தாமாகச் சுழல்வதில்லை. அவை மணலை உழுதுகொண்டுதான் வரும். எனவே வீட்டைக் கெட்டித்தரையில் நிறுத்திக் கழற்றிவிட்டு, அலையருகே நடந்து செல்லுங்கள். திரும்பும்போது பிரேக் தகடுகளையும் கொக்கியையும் நல்ல தண்ணீரால் கழுவி, கொக்கிக் குமிழில் புதிதாகக் கிரீஸ் தடவிவிடுங்கள். உப்புக்காற்று இரும்பை ஒரு பருவத்துக்குள் தின்றுவிடும்.